விருப்பம் என்னும் பொய்

போக்குவரத்து ஆய்வுகளில் ‘பயணியின் விருப்பம்’ என்னும் சொல் கேள்வியின்றி உலவுகிறது. தில்லிப் பல்கலைக்கழக மாணவ, மாணவியரைப் பற்றிய கிரிஜா போர்கரின் ஆய்வு காட்டுவது வேறு. நல்ல கல்லூரியில் இடம் கிடைக்கும் நிலையிலும், பாதுகாப்பான வழித்தடத்திற்காக மாணவியர் தரம் குறைந்த கல்லூரியை ஏற்கின்றனர். அத்தகைய வழிக்காக மாணவர்களைவிட ஆண்டுக்கு 18,800 ரூபாய் கூடுதலாகச் செலவிடவும் முன்வருகின்றனர். இதனை விருப்பம் என்றழைப்பது, அச்சத்திற்குச் செலுத்தும் வரியை ரசனையின் கணக்கில் எழுதுவதாகும்.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்போ பணிக்குச் செல்லும் பயணத்தை மட்டுமே வினவியது. குழந்தையைப் பள்ளியில் விட்டு, மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவளின் பயணம் அதில் பதிவாகவேயில்லை. பதிவாகாத பயணத்திற்குப் பேருந்து எங்கிருந்து வரும்?

ஆய்வாளர்களே, ‘எதில் செல்கிறீர்கள்?’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘எதில் செல்ல அஞ்சுகிறீர்கள், எங்கே செல்வதையே கைவிட்டீர்கள்?’ என்றும் கேளுங்கள்.