பானையைத் திறக்கும் பிள்ளைக்கு ஒரு பாடம்

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு முதல் வேலை சோற்றுப் பானையைத் திறப்பதுதான். அம்மா வேலைக்குப் போயிருப்பாள். காலை 8 மணிக்கு வடித்த சோறு மாலை 4 மணிக்கும் அடுப்பு மேடையிலேயே இருக்கும். அதைச் சாப்பிடலாமா, கூடாதா? இதை முடிவு செய்வது எட்டு வயதுப் பிள்ளை! கூட்டலும் கழித்தலும் கற்ற அந்தப் பிள்ளைக்குச் சோற்றைப் பற்றி யாரும் பாடம் சொல்லவில்லை.

"மோந்து பார்த்துச் சாப்பிடு" என்பதுதான் பல வீடுகளில் சொல்லும் ஒரே பாடம். ஊசிப்போன குழம்பை மூக்கு கண்டுபிடித்துவிடும். சோற்றிடம் அதன் ஜம்பம் எப்போதும் பலிக்காது.

மூக்கு ஏமாறும்

பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி. மண்ணில் வாழ்வது. அரிசியோடு வீட்டுக்கு வருகிறது. உலை கொதித்தாலும் இதன் வித்துகள் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும், விஷத்தையும் கக்கும். சோற்றின் மணம் மாறாமலே இருக்கலாம்.

"சுடவைத்தால் சரியாகிவிடும்" என்று தாய்மார்கள் நினைக்கிறார்கள். சரியாகாது. கிருமி செத்தாலும், வாந்தியை உண்டாக்கும் அந்த விஷம் கொதிக்க வைத்தால் அழிவதில்லை. சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் பிள்ளை வாந்தி எடுக்கும்.

சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். தமிழ்நாட்டு வெயில் இந்த இரண்டுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் பழைய சோறு? அது வேறு. நீர் ஊற்றி வைத்த சோறு புளிக்கிறது. அந்தப் புளிப்பு பல கிருமிகளை அடக்கி வைக்கும். ஆனால், வடித்த சோற்றை அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். பானையும் நீரும் சுத்தமாக இருக்க வேண்டும். காலையில் சாப்பிட்டுவிட வேண்டும்.

குளிர்பெட்டி உள்ளவர்கள் பெரிய பாத்திரத்தை அப்படியே உள்ளே தள்ளக்கூடாது. சிறு பாத்திரங்களில் பிரித்து வைத்தால் சீக்கிரம் குளிரும். பச்சை மீனும் இறைச்சியும் கீழ்த்தட்டில், மூடியோடு. மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் பெட்டியை நிறுத்தி வைப்பவர்களும் உண்டு. அதற்குப் பதில் அதில் துணி அடுக்கி வைக்கலாம்!

பெட்டி இல்லாத வீட்டில் அளவாக வடிப்பதே நல்லது. மாலைக்கு வாழைப்பழம், பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை எடுத்து வைக்கலாம். 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. எந்த பிஸ்கட்டில் இருக்கிறது அவ்வளவு?

கடலையிலும் ஒரு கவனம் வேண்டும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்ததே காரணம். அந்த விஷத்துக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். ஈரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முழுதும் போகாது. சுருங்கியது, பூசணம் பூத்தது, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கி எறியப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும். ஈரம் படாத டப்பாவில் கடலையை வைக்க வேண்டும்.

காலி டப்பா

டப்பா என்றதும் ஒரு துயரம் நினைவுக்கு வருகிறது. 2013 ஜூலை 16-ந் தேதி பீகாரில் சாரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது. பூச்சிமருந்து வந்த டப்பா எவ்வளவு அழகாக இருந்தாலும், எத்தனை முறை கழுவினாலும், அடுக்களைக்குள் வரக்கூடாது. இதை ஐந்து வயதிலேயே சொல்லலாம்.

பிள்ளைகளுக்குப் பிரசங்கம் பிடிக்காது; வேலை கொடுத்தால் பிடிக்கும். சோறு வடித்த நேரத்தைச் சாக்குக்கட்டியால் சிலேட்டில் எழுதிப் பானைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லலாம். மணி பார்க்கவும் வரும், கணக்கும் வரும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டிக்கும் அது பயன்படும். இந்த வேலையைப் பெண் பிள்ளைக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் பையனைப் பந்து விளையாட அனுப்பும் வழக்கம் போக வேண்டும்.

இன்னொன்று. அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால், செய்தித்தாளில் உணவுப் பண்டத்தை மடிக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்தது. கையில் இருக்கும் இந்தத் தாளும் அதற்கு விலக்கல்ல. படித்து முடித்ததும் வடையின் எண்ணெயை ஒற்ற இதைத் தேட வேண்டாம்.