விளையாட வந்தவனிடம் "நீ என்ன ஆளு?" என்று கேட்கலாமா?

புதுச்சேரி வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் ஊருக்கு நடுவில் வடக்கு தெற்காக ஒரு கோடு தெரியும். பெரிய வாய்க்கால். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அதற்குக் கிழக்கே, கடல் பக்கம், வெள்ளை நகரம். மேற்கே கறுப்பு நகரம். 'உன் இனம் என்ன?' என்று கேட்டு, பதிலைப் பார்த்து வாய்க்காலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஆளை அனுப்பிய ஊர் இது. வேடிக்கை என்னவென்றால், இன்றும் சுற்றுலா விளம்பரங்களில் 'ஒயிட் டவுன்' என்று பெருமையாகப் போடுகிறார்கள். கறுப்பு நகரம் மட்டும் சத்தமில்லாமல் 'தமிழர் பகுதி' ஆகிவிட்டது :-)

அந்தக் கேள்வி இப்போது வேறு வழியாக வருகிறது. மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு காந்தி சிலைப் பக்கம் போனால், குனிந்த தலை நிமிராமல் போனில் சுட்டுக்கொண்டிருக்கும் பையன்களைப் பார்க்கலாம். இவர்களிடம் கேம் கம்பெனிகள் ஏற்கெனவே போன் நம்பர், பிறந்த தேதி, இருக்கும் இடம் எல்லாம் வாங்கி வைத்திருக்கின்றன. இனத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளலாமா? 'எங்கள் கேமில் எல்லோருக்கும் இடம் தர விரும்புகிறோம், அதற்கு யார் ஆடுகிறார்கள் என்று தெரியவேண்டும்' என்பது கேட்க நினைப்பவர்கள் சொல்லும் காரணம். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் கேட்கக் கூடாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடவேண்டும். கேம்களில் 'ரேஸ்' என்ற சொல் புதிதே கிடையாது. எல்ஃப், ஆர்க், குள்ளன் என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3-லும் அதே சொல்தான். அந்த வகைக் கேம்களுக்கெல்லாம் தாத்தாவான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மட்டும் 2024-ம் ஆண்டுப் புத்தகத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'ஸ்பீஷீஸ்' என்று மாற்றிக்கொண்டது. இது எதுவும் இங்கே பிரச்சினை இல்லை. உங்கள் கேரக்டர் எப்படி இருக்கவேண்டும் என்று கேட்பது துணிக்கடையில் சட்டை எடுத்துப் போடுவது போல. ஆடுபவர் யார் என்று கேட்பது அதே கடையில் அப்பா பெயரையும் தெருப் பெயரையும் விசாரிப்பது போல. முதலாவது வியாபாரம். இரண்டாவதை நம் ஊரில் என்னவென்று சொல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

நிறத்தில் எல்லோருக்கும் இடம் தருவதற்குக் கேள்வியே தேவைப்படவில்லை என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. போகிமான் கேம்களில் தோல் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி 2013-ல் எக்ஸ், ஒய் வந்தபோதுதான் முதலில் வந்தது. அனிமல் கிராஸிங்கின் முதன்மை வரிசைக் கேம்களில் அதற்கு 2020 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. சிம்ஸ் 4-ல் கறுப்பு நிறத் தோல்கள் சாம்பல் பூசினாற்போல் இருக்கின்றன என்று ஆடுபவர்கள் வருஷக்கணக்கில் கத்திய பிறகு, 2020 டிசம்பரில் நூறுக்கும் மேற்பட்ட நிறங்களைச் சேர்த்தார்கள். இங்கெல்லாம் ஆடியவர்களின் இனத்தை ஒரு படிவத்தில் வாங்கிவைத்திருக்க வேண்டிய அவசியம் எங்கே இருந்தது? கண்ணைத் திறந்து பார்த்தால் போதுமானதாக இருந்தது. அதைச் செய்யத்தான் இத்தனை வருஷம் ஆனது.

ரஸ்ட் என்ற கேம் இதில் ஒரு தனி ரகம். 2015-ல் அந்தக் கம்பெனி யாரையும் எதுவும் கேட்காமல், ஸ்டீம் கணக்கு எண்ணை வைத்து ஆளுக்கொரு தோல் நிறத்தை ஒதுக்கியது. மாற்றவே முடியாது. வெள்ளைக்காரப் பையன் கறுப்பனாக முழித்தான், கறுப்பர் வெள்ளையராக முழித்தார். ஏகப்பட்ட சண்டை. ஆனால் யோசித்துப் பார்த்தால் பிறப்பும் அப்படித்தானே? விண்ணப்பம் போட்டா பிறந்தோம்! ரஸ்ட் செய்தது எல்லாக் கேமுக்கும் பொருந்தாது. ஆனாலும் யார் என்ன இனம் என்று ஒரு பட்டியல் அவர்கள் கையில் சேரவில்லை என்பது பெரிய விஷயம்.

"கணக்கெடுக்காமல் அநியாயத்தை எப்படி நிரூபிப்பது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, மழுப்பக்கூடாது. பிரான்ஸ் இதற்கு நல்ல உதாரணம். அங்கே 1978-ம் ஆண்டுச் சட்டப்படி ஒருவருடைய இனத்தைப் பதிந்து வைப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு. 2007 நவம்பரில் இனவாரிப் புள்ளிவிவரம் எடுக்க ஒரு வழி திறக்கப் பார்த்தபோது அவர்களுடைய அரசியல் சாசன மன்றம் அதையும் தடுத்துவிட்டது. இதனால் அங்கே வேலையிலும் வாடகை வீட்டிலும் நடக்கும் பாகுபாட்டை எண்ணிக்காட்ட முடியாமல் தவிக்கிறார்கள். எண்ணாவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா?

புதுச்சேரியில் இந்த முரண்பாட்டை ஒரே வீட்டுக்குள் பார்க்கலாம். 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். எழுதிக்கொடுத்தவர்களின் குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. அந்த வீட்டுத் தாத்தாவை அவருடைய அரசாங்கம் என்ன இனம் என்று கேட்டதில்லை. இந்தியக் குடிமகளான பேத்தி சென்டாக் விண்ணப்பம் போடும்போது முதல் பக்கத்திலேயே பிரிவு என்ன என்று கேட்கிறார்கள். பட்டியல் சாதி என்றால் அதோடும் விடமாட்டார்கள். 1964-ம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையை வைத்து, குடும்பம் இங்கேயே பூர்வீகமா, வெளியிலிருந்து குடியேறியதா என்று அடுத்த கேள்வி வரும்.

அப்படியானால் சென்டாக் கேட்கலாம், கேம் கம்பெனி கேட்கக்கூடாதா? ஆமாம், அதுதான் வாதமே. சென்டாக் கேட்பதற்குக் காரணம் அந்தப் பதிலுக்கு ஒரு சீட் இருக்கிறது. சாதியின் பெயரால் தலைமுறை தலைமுறையாகப் பறித்ததை, சாதியைக் கேட்டுத்தான் திருப்பித் தரமுடியும். கேட்பவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். தவறாகக் கேட்டால், தவறாகப் பயன்படுத்தினால் கோர்ட்டுக்குப் போகலாம், போயும் இருக்கிறார்கள். கேம் கம்பெனி பதிலுக்கு என்ன தரும்? ஒரு ஸ்கின்னா? பத்து டைமண்டா? கேட்டதை வைத்து யாருக்கு எந்த விளம்பரம் காட்டுகிறது என்று எந்தத் தாலுகா ஆபீஸில் போய்க் கேட்பது?

பதிலை ஒருதடவை வாங்கிவிட்டால் அது எங்கெல்லாம் போகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. இந்த ஊரிலேயே நடந்தது. 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் மாதிரி ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தார். இந்தியன் இப்படி வரக்கூடாது என்று தடுத்தார்கள். அவர் வழக்கைப் பாரீஸ் வரை கொண்டுபோய் ஜெயித்தார். பிறகு 1881 செப்டம்பரில் ஒரு ஆணை வந்தது. சாதி, மத வழக்கப்படி வந்த தனிச் சட்டத்தைத் துறக்கிறேன் என்று எழுதிக்கொடுத்து, ஒரு குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டால், பிரெஞ்சு சிவில் சட்டம் பொருந்தும். அப்படிச் செய்தவர்கள் ரெனோன்சான்கள், அதாவது துறந்தவர்கள். பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த். கதவு என்று அர்த்தம். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பலரும் அந்தக் கதவு வழியாகப் போனார்கள். சாதியை உதற அரசாங்கமே முத்திரை குத்தித் தருகிறது என்றால் யார்தான் விடுவார்கள்?

மூன்றே வருஷம். 1884-ல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள். ஐரோப்பியர் ஒன்று, துறந்தவர் ஒன்று, துறக்காதவர் ஒன்று. சமத்துவத்துக்காகப் போட்ட கையெழுத்து, தனியாக ஒதுக்கிவைக்கும் அடையாளமாக மாறிவிட்டது. 1899-ல் பட்டியல் இரண்டாகச் சுருங்கியபோது துறந்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி இந்தியர் பட்டியலுக்கே போய்ச் சேர்ந்தார்கள். கேட்டவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்டார்கள் என்றுகூடச் சொல்லமுடியாது. பதில் கையில் இருந்தது, பின்னால் வந்தவர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அவ்வளவுதான். இன்று நல்ல எண்ணத்தோடு கேட்கும் கேம் கம்பெனியை நாளைக்கு வேறொருவர் விலைக்கு வாங்கினால், அந்தப் பட்டியலும் சேர்ந்துதான் கைமாறும்.

இன்னொரு சிக்கல், அமெரிக்கப் படிவத்தை அப்படியே இங்கே இறக்குவது. அதில் 'ஏஷியன்' என்று ஒரு கட்டம் இருக்கும். புதுச்சேரிக்காரரும் டோக்கியோக்காரரும் அதே கட்டத்தில் டிக் அடிக்கவேண்டும். இதனால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? பிரயோஜனம் இல்லை என்று தெரிந்ததும், உள்ளூர் மார்க்கெட்டிங்காரர் யாராவது 'கம்யூனிட்டி' என்று ஒரு கட்டத்தைச் சேர்ப்பார். திருமணத் தகவல் தளங்களில் அது ஏற்கெனவே சர்வசாதாரணம். அங்கிருந்து கேமுக்கு வர எவ்வளவு தூரம்?

வந்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்யவும் வேண்டாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களில் கூடப் படித்தவர்களும் இருந்தார்கள். அதன் பிறகு தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் கலர் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு இவற்றையெல்லாம் பள்ளியில் தடைசெய்யவேண்டும் என்றது அந்த அறிக்கை. ஒரு கயிற்றின் கலரே சாதியைச் சொல்லும் இடத்தில், ப்ரொஃபைலில் ஒரு பேட்ஜ் என்னவெல்லாம் சொல்லும்! பெயருக்குப் பின்னால் சாதியை வெட்டிவிட்டு இனிஷியலோடு நிற்கும் ஊர் இது. 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் அப்பா பெயரைப் போட்டுவிட்டு வரும் பையனிடம்தான் அடுத்த கட்டத்தில் இனம் கேட்கப் பார்க்கிறார்கள்.

சட்டமாவது காப்பாற்றுமா என்றால், ஐரோப்பாவில் ஓரளவு காப்பாற்றும். அங்கே ஜிடிபிஆர் சட்டத்தின் 9-வது பிரிவில் இனம் தனிப் பாதுகாப்புப் பெற்ற தகவல். இந்தியாவில் 2019-ல் கொண்டுவந்த மசோதாவில் சாதியும் பழங்குடியும் அப்படித் தனியாகப் பட்டியலிடப்பட்டிருந்தன. கடைசியில் 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகையே காணோம். சாதியும் ஈமெயில் முகவரியும் இப்போது ஒரே தட்டில். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கேமில் கணக்குத் தொடங்கும்போது எத்தனை பேர் உண்மையான பிறந்த தேதியைக் கொடுக்கிறார்கள்? போட்டிருக்கும் தேதிகளைப் பார்த்தால் பாதி நாடு 1990 ஜனவரி 1-ம் தேதி பிறந்தது என்று நினைக்கத் தோன்றும். இனம் கேட்டாலும் அதே கதைதான், முதல் கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அந்தக் குப்பையை வைத்துக்கொண்டுதான் 'எல்லோருக்கும் இடம்' தரப்போகிறார்களாம்.

எண்ணியே ஆகவேண்டும் என்கிறவர்களுக்கு வழி இருக்கிறது. 2009-ல் டிமிட்ரி வில்லியம்ஸும் மூன்று பேரும் 150 கேம்களை எடுத்து, உள்ளே வரும் கேரக்டர்களை இனம், பாலினம், வயது என்று எண்ணி, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். வெள்ளையர்களும் வயதுவந்த ஆண்களும் அளவுக்கு மீறி இருந்தது தெரிந்தது. இதற்காக ஆடுபவர் ஒருவரிடமும் போய் 'நீ யார்?' என்று கேட்கவில்லை. திரையில் இருப்பதை எண்ணினார்கள், வெளியில் இருப்பது ஏற்கெனவே அரசாங்கக் கணக்கில் இருந்தது. இந்தியாவிலும் 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியை எண்ணப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். 1931-க்குப் பிறகு முதல்முறையாக முழுக் கணக்கு. அது வந்ததும் ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.

அதுவரை கம்பெனிகள் தங்கள் ஆபீஸுக்குள் ஒரு கணக்கெடுக்கலாம். கதை எழுதுகிறவர், கேரக்டர் வரைகிறவர், எது வேண்டும் எது வேண்டாம் என்று முடிவு செய்கிறவர், இவர்களெல்லாம் யார், எங்கிருந்து வந்தவர்கள்? சம்பளம் கொடுக்கிற இடத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு பிரயோஜனம் உண்டு. பெயர் போடாமல், விருப்பம் இருந்தால் மட்டும் பதில் சொல்லும்படி கேட்டு, வந்த எண்ணை வெளியிடட்டும். கடற்கரைச் சாலைப் பையன்களிடம் வருவதற்கு முன்னால் அந்தத் தாள் வெளியே வரட்டும்.