மோர்க்குழம்பு தெரிந்தவர்களுக்கு இந்தப் பாஸ்தா கைவரும்

மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால் ஒரு ஃபிளாட். கல்லூரி லீவில் வீட்டுக்கு வந்த பேத்தி, ரோம் நகரத்துப் பாஸ்தா ஒன்றைச் செய்யக் கிளம்பினாள். பெயர் காச்சோ எ பெப்பே. ரோம்காரர்கள் பேச்சில் காச்சோ என்றால் சீஸ், பெப்பே என்றால் மிளகு. பெயரிலேயே சமையல் குறிப்பு முடிந்துவிடுகிறது. வெண்ணெய், க்ரீம், பூண்டு எதுவும் கிடையாது. பாஸ்தா, சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர், அவ்வளவுதான்.

கால் மணி நேரத்தில் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "பாட்டி, எல்லாம் திரண்டு போச்சு!"

பாட்டி எட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் ரப்பர் மாதிரி சீஸ் உருண்டை. அடியில் அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "ஏண்டி, மோர்க்குழம்பைத் தளதளன்னு கொதிக்க விடுவோமா? நுரை கட்டினதும் இறக்கிட மாட்டோம்? அரிசியும் பருப்பும் எதுக்கு அரைச்சு விடறோம்னு நினைச்சே?"

பாட்டி சொன்னதைத்தான் இத்தாலிய இயற்பியலாளர்கள் எட்டுப் பேர் ஆராய்ச்சி செய்து 2025-ல் வெளியிட்டார்கள். சிரிக்கவும் வைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு, அதே ஆண்டு இயற்பியல் பிரிவில் அவர்களுக்குக் கிடைத்தது. சூடு சுமார் 65 டிகிரியைத் தாண்டும்போது சீஸில் இருக்கும் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரள்கிறது. நடுவில் ஸ்டார்ச் இருந்தால் ஒட்டவிடாது. சீஸ் எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவாக ஸ்டார்ச் இருந்தால் திரளும். 2 முதல் 3 சதவீதம் சரி. 4-ஐத் தாண்டினால் ஆறியதும் களி மாதிரி இறுகும். பாஸ்தா வெந்த தண்ணீரில் இருக்கும் ஸ்டார்ச் பெரும்பாலும் போதாது. பேத்தி அதை மட்டும் நம்பியதில்தான் தவறு.

சீஸ் வாங்கும்போது சைவக் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பாஸ்தாவுக்கு ரோமில் போடுவது பெகொரினோ ரொமானோ என்ற ஆட்டுப்பால் சீஸ். பெயரில் ரோம் இருந்தாலும் பெரும்பகுதி தயாராவது சார்டினியா தீவில். அந்தப் பாலை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட். அசல் இத்தாலிய பார்மிஜானோவுக்குக் கன்றுக்குட்டி ரென்னட். 'பால்தானே, சைவம்தானே' என்று வாங்கி வந்து, சாப்பிட்ட பிறகு தெரிந்துகொண்டு மனசு கஷ்டப்படுவதைவிட, கடையிலேயே பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிடலாம். பச்சைப் புள்ளி இருக்க வேண்டும். 'மைக்ரோபியல் ரென்னட்' என்று போட்டிருந்தால் கவலையில்லை. இங்கே தயாராகும் பார்மசான் வகைகளில் அப்படிப்பட்டவை கிடைக்கின்றன. ருசி பெகொரினோ அளவுக்குக் காட்டமாக இருக்காதுதான், ஆனால் மோசமில்லை. பிராசஸ்டு சீஸ் க்யூப் மட்டும் வேண்டாம். அது திரளாது, உண்மைதான். ஆனால் பாஸ்தாவில் பள்ளிக்கூட சாண்ட்விச் வாசனை வரும்.

மிளகுக்கு எங்கும் அலைய வேண்டாம். கச்சேரி சாலை டப்பா செட்டி கடையில் மிளகும் திப்பிலியும் இன்றும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பு இந்தியத் துறைமுகங்களிலிருந்து ரோமுக்குக் கப்பலேறியவை இவை. ஒரு பவுண்டு மிளகு 4 தினாரியஸ், திப்பிலி 15 தினாரியஸ் என்று முதல் நூற்றாண்டில் பிளினி விலை குறித்து வைத்திருக்கிறார். காரத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத இதற்கு இவ்வளவு மோகமா என்று அவருக்கு ஒரே அலுப்பு! 408-ல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக், விலகிப் போகக் கேட்ட பொருள்களில் 3,000 பவுண்டு மிளகும் ஒன்று. 'பெப்பே' என்ற சொல்லே திப்பிலியின் பெயரான பிப்பலியிலிருந்து போனதுதான்.

சரி, இரண்டு பேருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி, 120 கிராம் சீஸ், ஒன்றரை டீஸ்பூன் மிளகு போதும். மிளகை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, உரலில் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளவும். பொடித்து விற்கும் மிளகுத் தூளில் இந்த வாசனை வராது. சமதளமாக ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளாரை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவிடவும். துருவிய சீஸையும் இந்தக் கஞ்சியையும் சின்ன மிக்ஸி ஜாரில் அடித்தால் இட்லி மாவு பதத்தில் விழுது கிடைக்கும். தட்டிய மிளகில் பாதியை இதில் சேர்க்கவும்.

சீஸிலேயே உப்பு அதிகம் என்பதால் பாஸ்தா வேகும் தண்ணீரில் வழக்கத்தில் பாதி உப்பு போதும். பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னதாகவே எடுத்துவிடவும். வடிப்பதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துவைக்க மறக்கக் கூடாது. வடித்த பாஸ்தாவை அடுப்பில் இல்லாத வாணலியில் போட்டு ஒரு நிமிஷம் சூடு தணியவிட்டு, விழுதைச் சேர்த்து, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு வேகமாகக் கிளறவும். ஒவ்வொரு இழையிலும் பளபளப்பாக ஒட்டிக்கொள்ளும். மீதி மிளகை மேலே தூவி, உடனே சாப்பிட்டுவிட வேண்டும்.

மயிலாப்பூர் ஃபிளாட்டில் இரண்டாம் முறை சரியாக வந்தது. பாட்டிக்கு ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் போனது. "நன்னாத்தான் இருக்கு. மிளகு இன்னும் ஒரு பிடி போட்டிருக்கலாம்," என்றார். பிறகு சுட்ட அப்பளம் இருக்கிறதா என்று கேட்டார்.