ஓரிக்குச் சிலை, ஆயாவுக்கு எல்லைக்கல்

கொல்லிமலை என்றதும் நம் தமிழ் வாத்தியார்களுக்கு வல்வில் ஓரிதான் ஞாபகம் வருவான். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு அஞ்சையும் அடித்தானாம். வன்பரணர் பாடி வைத்தார். செம்மேட்டில் சிலை, ஆடி மாதம் அரசு விழா. அவனைக் கொன்ற காரி மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று இன்னொரு பாட்டு. கொடுத்தானாம்! தினை விதைத்துக்கொண்டிருந்தவனை யார் கேட்டது?

நான் ராசிபுரம் பக்கத்துச் சேரிக்காரன். குச்சிக்கிழங்கு மூட்டை தூக்க மலைக்குப் போனவர் என் அப்பா. தேவனூர் நாட்டில் ஒரு மலையாளி ஆயா என்னைக் காட்டுக்குள் கூட்டிப்போய், வேர் ஏறிக் கிடந்த இடிந்த கல்கட்டைக் காட்டினார். "ராஜா கட்டினதா ஆயா?" என்று கேட்டேன். படிச்ச புத்தி.

"ராஜா எதுக்கு தம்பி இங்க வந்து கல்லு சொமக்கறான்? எங்க பாட்டனுங்க போட்டது. அந்தாண்ட பொதைச்ச எடம். இப்ப வெறகுக்குப் போனாலே 'இது யார் காடு'ன்னு கேக்கறாங்க."

அந்தக் கல்தான் பதில். 2006 வன உரிமைச் சட்டத்துக்கு 2008-இல் போட்ட விதிகளில் 13-ஆம் விதியைப் படியுங்கள். உள்ளூர் மக்கள் கட்டியவற்றின் எச்சங்கள், சாமி மரங்கள், தோப்புகள், குளங்கள், இடுகாடு சுடுகாடு எல்லாம் சமூக உரிமைக்குச் சான்று. பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சான்று. ஓரி பேரில் பலகை நட்டால் அதே கல் சுற்றுலாப் பொருள். ஆயா சொன்னதை எழுதினால் ஆவணம். சண்டை இதில்தான்.

தமிழ்நாட்டில் அதுவும் லேசில் நடக்கவில்லை. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால் பட்டா முடங்கியது. 2016-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வழி பிறந்தது. எட்டு வருசம். எத்தனை ஆயாக்கள் சாட்சி சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்களோ.

இன்னொன்று, கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பி மூணு பேர் மலையேறினார்கள் என்று மலையாளிகளே கதை சொல்வார்கள். தர்ஸ்டன் 1909-லேயே அச்சில் ஏற்றிவிட்டார். நாங்க வெள்ளாளர் என்று சொல்லிக்கொள்வதில் சிலருக்குப் பெருமை. "அப்ப நீங்களும் வந்தேறிதானே" என்று எவனாவது திருப்பினால் என்ன செய்வீர்கள்? வெள்ளாளப் பட்டம் பட்டா வாங்கித் தராது தோழர்.

நமக்கும் இதில் பாடுண்டு. காட்டோரம் குடியிருக்கும் தலித்துகள் அந்தச் சட்டத்தில் 'இதர மரபுவழி வனவாசிகள்'. மூன்று தலைமுறை, 75 வருசம் இருந்ததாக நிரூபிக்க வேண்டும். கர்ணம் கணக்கில் நம்ம தாத்தன் பேரை எங்கே எழுதினான்? நமக்கும் இடுகாடும் கிழவிகளின் வாயும்தான் தஸ்தாவேஜு.

மாணவத் தோழர்கள் ஓரியைப் பற்றி இன்னொரு ஆய்வேடு எழுத வேண்டாம். ஆயாவுக்கு எண்பது இருக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுதான், பஸ் போகிறது. நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.