கொசுவுக்கு உள்ள கவனிப்பு கத்திக்கு இல்லையா?

ஒரு தெருவில் ஒருவருக்கு டெங்கு என்று ஆஸ்பத்திரியில் உறுதியானால் என்ன நடக்கிறது? மாநகராட்சிக்குத் தகவல் போகிறது. கொசு ஒழிப்பு ஊழியர்கள் அந்தத் தெருவுக்கே வந்துவிடுகிறார்கள். காய்ச்சல் கண்ட வீட்டோடு நிற்பதில்லை. பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். மொட்டைமாடித் தொட்டியைத் திறக்கிறார்கள். பழைய டயரைப் புரட்டுகிறார்கள். தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்க்கிறார்கள். புழு நெளிந்தால் அபராதம்!

சரி, அதே தெருமுனையில் ராத்திரி ஒருவருக்குக் கத்திக்குத்து விழுந்தால்?

போலீஸ் வரும். கேஸ் எழுதும். குத்தியவரைத் தேடும். மறுநாள் பேப்பரில் நாலு வரி. "முன்விரோதம் காரணமா? போலீசார் விசாரணை!" நாமும் அப்படித்தான் எழுதுகிறோம். நீங்களும் பஸ்ஸில் நின்றபடி படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறீர்கள்.

ஆனால் அந்த முனையில் விளக்கு எரிந்ததா? மதுக்கடை அடைக்கிற நேரமா அது? கடைசி பஸ் போன பிறகா? இதே இடத்தில் இதற்கு முன்பு எத்தனை பேருக்கு மண்டை உடைந்தது? இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அந்தத் தெருவுக்கு யார் வருகிறார்கள்?

இதுவும் ஒரு நோய்தான்!

அடிதடி என்றால் "ஆளுங்க சரியில்லைப்பா" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். விபத்து என்றால் "விதி" என்கிறோம். ஒரு காலத்தில் காலராவையும் விதி என்றுதான் சொன்னார்கள். குடிக்கிற தண்ணீரில் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் அதைக் கட்டுப்படுத்த முடிந்தது.

வெட்டும் குத்தும் அப்படித்தான். கண்ட இடத்தில், கண்ட நேரத்தில் வருவதில்லை. இடம் பார்த்து வருகிறது, நேரம் பார்த்து வருகிறது. வன்முறை என்பது உலகம் முழுவதும் ஒரு பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று 1996-லேயே உலகச் சுகாதார சபை தீர்மானம் போட்டது. நோயைத் தடுக்கிற வழியிலேயே இதையும் தடுக்கலாம் என்பதுதான் அதன் சாரம். முதலில் எண்ண வேண்டும். எங்கே, எதனால் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பரிகாரம் செய்து பார்க்க வேண்டும். பலித்தால் ஊரெங்கும் செய்ய வேண்டும்.

"பேச்சுக்கு நன்றாக இருக்கிறது. எங்கேயாவது நடந்திருக்கிறதா?" என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது.

தையல் போட்ட டாக்டர் கேட்ட கேள்வி

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் தலைநகரம் கார்டிஃப். அங்கே ஜோனதன் ஷெப்பர்டு என்று ஒரு டாக்டர். முகம், தாடை ஆபரேஷன் செய்கிறவர். மது பாரில் சண்டை போட்டு, கண்ணாடி கிளாசால் முகம் கிழிந்து வருகிறவர்களுக்குத் தையல் போடுவது அவர் வேலை.

அவர் ஒரு காரியம் செய்தார். ஆஸ்பத்திரிக்கு வந்த காயங்களையும் போலீஸ் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார். காயங்களில் பெரும்பகுதி போலீசுக்குத் தெரியவே தெரியாது! அடித்தவன் திரும்ப வந்து அடிப்பானோ என்ற பயம் சிலருக்கு. "நாமும்தானே கை நீட்டினோம்" என்ற தயக்கம் சிலருக்கு. புகார் கொடுக்கவில்லை.

அப்புறம் என்ன செய்தார்கள்? ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு எழுதும் கிளார்க்குகள் சில கேள்விகளைக் கூடுதலாகக் கேட்டார்கள். எந்த இடம்? எந்த நேரம்? எதனால் அடித்தார்கள்? எத்தனை பேர்? அவ்வளவுதான். அடிபட்டவர் பெயரை நீக்கிவிட்டு, இந்த விவரத்தைப் போலீசுக்கும் நகராட்சிக்கும் கொடுத்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் இது ஒரு குழுவாகவே உருவானது. டாக்டர், போலீஸ், நகராட்சி எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள்.

எந்த பார் வாசலில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு ரத்தம் சிந்துகிறது என்று தெரிந்துவிட்டது. போலீஸ் அங்கே போய் நின்றது. அடிக்கடி சண்டை நடக்கும் பாருக்கு லைசென்ஸ் விஷயத்தில் நெருக்கடி வந்தது. சாதாரணக் கண்ணாடி கிளாசுக்குப் பதில் எளிதில் கத்தியாகாத கெட்டிக் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வந்தன.

பலன்? அதே மாதிரியான 14 நகரங்களோடு ஒப்பிட்டு 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கணக்கு வெளியிட்டார்கள். அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் கார்டிஃபில் லட்சம் பேருக்கு மாதம் 7 என்பது 5 ஆகக் குறைந்தது. மற்ற நகரங்களில் 5 என்பது 8 ஆக ஏறியது!

நம் ரிஜிஸ்டரில் இருக்கிறதே!

இதற்காக நாம் லண்டனில் இருந்து ஆள் வரவழைக்க வேண்டியதில்லை. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை என்று எங்கே அடிபட்டுப் போனாலும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிவு உண்டு. 'ஏ.ஆர். காப்பி' என்றால் கோர்ட்டுக்கு அலைந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், தெரிந்தவரா தெரியாதவரா, எத்தனை பேர், கையாலா கத்தியாலா என்று டாக்டர் அதில் எழுதுகிறார். கார்டிஃபில் புதிதாகக் கேட்ட கேள்விகள் நம் ரிஜிஸ்டரில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன!

அந்தக் காகிதம் போலீசுக்குப் போகிறது. கோர்ட்டுக்குப் போகிறது. இன்சூரன்சுக்கும் போகிறது. எல்லாம் அடிபட்ட பிறகு நடக்கும் வழக்குக்காக. அடுத்தவர் அடிபடாமல் இருக்க அது உதவ வேண்டாமா?

சாலை விபத்து விஷயத்தில் நாம் கொஞ்சம் விழித்துக்கொண்டோம். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021-ல் வந்தது. எந்த இடத்தில் விபத்து நடந்தது என்று போலீசார் செல்போனிலேயே பதிகிற 'ஐராட்' முறையும் வந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கியது அது. சாலைக்கு உள்ள கணக்கு, சண்டைக்கும் வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

வழுக்கி விழுந்தவர்கள்

தெருச்சண்டையாவது நாலு பேர் கண்ணில் படும். வீட்டுக்குள் நடப்பது? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் கொடுமைக்கு ஆளானவர்கள். யாரிடமாவது உதவி கேட்டவர்கள் எத்தனை பேர்? நாடு முழுவதும் கணக்கெடுத்தால் கொடுமைக்கு ஆளான பெண்களில் நூற்றுக்கு 14 பேர்தான்!

மற்றவர்கள் கட்டுப் போட வரும்போது என்ன சொல்வார்கள்? "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சார்." கூடவே அடித்தவரும் நிற்கிறார். வேறென்ன சொல்வார்? நர்சம்மா அவரைத் தனியாக அழைத்துப் போய், "நெஜமாவே விழுந்தியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டு, 181 என்ற உதவி எண்ணைக் காதில் போட்டால், அடுத்த முறை அவர் ஸ்ட்ரெச்சரில் வராமல் இருக்கலாம்.

செலவு என்ன?

"அப்படியானால் ரவுடியைத் தண்டிக்க வேண்டாமா?" என்று சிலர் கோபப்படலாம். தாராளமாகத் தண்டியுங்கள். ஆனால் தண்டனை என்பது ரத்தம் சிந்திய பிறகு வருவது. காய்ச்சல்காரருக்கு மருந்தும் வேண்டும், தொட்டிக்கு மூடியும் வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு தேவை. இந்தக் கணக்கில் அடிபட்டவரின் பெயர், விலாசம் எதுவும் வெளியே போகக்கூடாது. போனால், பயந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கே வரமாட்டார்கள்.

முதலில் ஒரே ஒரு ஆஸ்பத்திரியில் தொடங்கட்டும். ஒரு கிளார்க், ஒரு கம்ப்யூட்டர், ஒரு நகர வரைபடம் போதும். மாதம் ஒருநாள் டாக்டர், போலீஸ், மாநகராட்சி, மதுவிலக்கு, பஸ் அதிகாரிகள் கூடி உட்காரட்டும். எந்த முனையில் அதிகப் புள்ளி விழுகிறதோ, அங்கே முதலில் விளக்கு போடட்டும், ரோந்து போகட்டும், கடை நேரத்தைப் பார்க்கட்டும். ஆறு மாதம் கழித்துப் புள்ளி குறைந்ததா என்று மறுபடி எண்ணட்டும். அந்த முனையில் கடை வைத்திருப்பவர்களையும் கூப்பிட்டுக் கேட்கட்டும். ஷட்டரை இறக்கும்போது தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள்தானே?

கொசுவைத் தேடி மாடிப்படி ஏறுகிற சர்க்கார், கத்தியைத் தேடித் தெருமுனைக்கும் ஒருமுறை வரட்டும். அடுத்த குத்து விழுவதற்கு முன்பே வரட்டும்!