பாமினிக்குள் உம்மாவின் கவிதை

எங்கள் மலரை முன்பு தட்டச்சுச் செய்து கொடுத்தது பாண்டிருப்பிலுள்ள மாமாவின் கடைதான். அங்கே வந்த புதுக் கணினியில் உம்மாவின் பள்ளிக்காலக் கவிதையைத் திறந்தோம். தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய் நின்றது. பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் தமிழைக் காட்டும். அதை நிறுவியதும் கவிதை வந்துவிட்டது.

மலரின் பக்கங்கள் வரவில்லை. அவை பேஜ்மேக்கரில் அமைத்தவை. அதன் கடைசிப் பதிப்பே 2001இல் வந்தது. அதைத் திறக்கும் பழைய கணினி கடை மூலையில் கிடக்கிறது. பழைய இரும்புக்குக் கொடுக்குமுன் எல்லா மலர்களையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும் என்கிறேன். பீ.டீ.எஃப் போதாதா என்கிறார் மாமா. பார்க்கப் போதும், ஆனால் பாமினிப் பக்கத்தில் உம்மாவின் பெயரைத் தமிழில் தேட முடியாதே! மாற்றும் கருவிகள் இலவசம். பிழை பார்க்க உயர்தர மாணவிகள் நாங்கள் இருக்கிறோம். அந்தக் கணினி எழும்பவே இப்போது பத்து நிமிடம் பிடிக்கிறது.