வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்



பல் கட்டிக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், அச்சு எடுத்த கதையைத்தான் முதலில் சொல்வார்கள். வாய் நிறையப் பசை, குமட்டல், அது இறுகும்வரை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அவஸ்தை. என் அம்மா அதற்குப் பயந்தே இரண்டு வருடம் தள்ளிப்போட்டார். காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைக் கடைசியில் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

அந்தப் பசைக்கு மாற்று பிறந்தது சுவிட்சர்லாந்தில். பல் மருத்துவர் வெர்னர் மோர்மனும் பொறியாளர் மார்கோ பிராண்டஸ்டினியும் வாய்க்குள் சிறு கேமராவை வைத்துப் பல்லை அளந்தார்கள். அதே அளவில் பீங்கான் கட்டியை இயந்திரத்தில் கடைந்தார்கள். 1985இல் சூரிக் பல்கலைக்கழகத்தில், நோயாளி நாற்காலியை விட்டுப் போவதற்குள் சொத்தைக் குழிக்கான அடைப்பு தயாரானது. இன்று பல மருத்துவமனைகளில் பேனா போன்ற ஸ்கேனர் சில நிமிடங்களில் முழு வாயையும் திரையில் காட்டிவிடுகிறது.

ரோபோவும் வந்துவிட்டது. 2017இல் சீனாவின் சீயான் நகரில், மருத்துவர்கள் அருகில் நின்று கண்காணிக்க, ஒரு ரோபோ தானாகவே ஒரு பெண்மணியின் தாடையில் இரண்டு இம்பிளான்ட்களை, அதாவது செயற்கைப் பல் வேர்களை, பொருத்தியது. ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை, பிசகு 0.2 முதல் 0.3 மில்லிமீட்டருக்குள். அமெரிக்காவில் பயன்படும் 'யோமி' ரோபோ வேறு வகை. துளையிடுவது மருத்துவர்தான், திட்டமிட்ட கோணத்திலிருந்து கை விலகினால் அது தடுத்துப் பிடிக்கும். கீழ்த்தாடைக்குள் நரம்பு ஓடுகிறது என்பதை நினைத்தால், அந்தப் பிடியின் அருமை புரியும்.

இவற்றில் என்னை அதிகம் நெகிழ வைப்பது சின்ன விஷயம்தான். மருத்துவர் ஸ்கேனரை நகர்த்த நகர்த்த, நம் பல்லை நாமே திரையில் பார்க்கிறோம். 'இங்கே பாருங்கள், லேசாகக் கறுத்திருக்கிறது' என்று அவர் காட்டும்போது பாதிப் பயம் போய்விடுகிறது. என் அம்மாவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

சொத்தை ஆரம்பத்தில் வலிக்காது. வலிக்கும்போது பெரும்பாலும் ஆழத்துக்குப் போயிருக்கும். எத்தனை நுட்பமான கருவியானாலும், கரைந்துபோன எனாமலை மறுபடி முளைக்க வைக்காது. ஆகவே, வலி இல்லாத ஒரு நாளில் வீட்டுப் பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஒருமுறை பல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பசைக்குப் பயந்தவர்களிடம், ஸ்கேனர் வந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்